நடந்ததையே நினைத்து வேகிறேன், தள்ளி நின்று பார்ப்பது எப்படி?

நள்ளிரவுவாசகி | செவ்வாய், இரவு 11:52

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரத்துக்கு முன் ஒரு கூட்டத்தில் நடந்தது இது. நான் தயாரித்த அறிக்கையில் ஒரு கணக்கு தப்பாகிவிட்டது. மேலாளர் எல்லார் முன்னாலும், "இதுகூடத் தெரியாமல் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். அறையில் பதினாலு பேர். "திருத்தி அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பகலில் எப்படியோ ஓடிவிடுகிறது. இரவு படுத்ததும் அந்த அறை திரும்பி வந்துவிடும். அதே குரல், அதே வாக்கியம், காது சுடுவதுகூட அப்படியே. அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை நூறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். விடிவதற்குள் மனம் களைத்துப்போகிறது, ஆனால் ஒன்றும் தீர்வதில்லை.

தோழி ஒருத்தி, "கொஞ்சம் தள்ளி நின்று பார்" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. இது மனதை அடக்கச் சொல்வது போலவும் படுகிறது. இப்படிச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

மூன்றாம்படி | புதன், காலை 6:20

உங்கள் தோழி சொன்னது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. உளவியலில் இதற்கு செல்ஃப் டிஸ்டன்ஸிங், அதாவது தன்னிடமிருந்தே தள்ளி நிற்பது, என்று பெயர். ஈதன் கிராஸ், ஓஸ்லெம் ஐடுக், வால்டர் மிஷெல் மூவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு நேரே வருகிறது.

கோபம் கிளப்பிய பழைய சண்டை ஒன்றை நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். சிலர் அதைத் தங்கள் கண் வழியாகவே, மறுபடி உள்ளே புகுந்து பார்த்தார்கள். சிலர் பின்னால் நகர்ந்து, அந்தக் காட்சிக்குள் தாங்களும் ஒரு ஆளாகத் தெரிகிற இடத்தில் நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பாதிப் பேர் "என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன்" என்று யோசித்தார்கள், மீதிப் பேர் "ஏன் அப்படி உணர்ந்தேன்" என்று யோசித்தார்கள். கொந்தளிப்பு நன்றாகக் குறைந்தது ஒரே ஒரு சேர்க்கையில்தான்: பின்னால் நகர்ந்து நின்றுகொண்டு "ஏன்" என்று கேட்டவர்களிடம்.

உள்ளே நின்றபடி "ஏன்" என்று கேட்டால் அது கேள்வியாக இருப்பதில்லை. "ஏன் எனக்கு இப்படி?" என்ற புலம்பலாகிவிடுகிறது. நீங்கள் இரவில் செய்வது அதுதான் என்று நினைக்கிறேன். மாடு அசைபோடுவது போல மனமும் அசைபோடுகிறது. ஆனால் மாட்டுக்காவது அதனால் செரிக்கும்.

நான் செய்கிற விதம் இது. கண்ணை மூடி, அந்த அறையிலேயே கதவுப் பக்கமாக மெல்லப் பின்னால் நடப்பதாக நினைப்பேன். என் முதுகு தெரிகிற வரைக்கும் நடப்பேன். அப்புறம் முகமும் தெரிகிற இடத்துக்கு நகர்வேன். அங்கே உட்கார்ந்திருக்கிற அந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு வலித்தது என்று கேட்பேன். ஒரு நேர்காணலில் அவமானப்பட்டு வந்தபோது இதைச் செய்தேன். "திறமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்பதுதான் வலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தள்ளி நின்று பார்த்தால் வேறு ஒன்று தெரிந்தது. வேலை கிடைத்துவிடும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அந்த ஆள் பயந்தது வீட்டுக்குப் போய் நிற்பதற்குத்தான்.

கடல்நீலம் | புதன், காலை 9:05

மன்னிக்கவும், நான் வேறு மாதிரி சொல்கிறேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வலிக்கிறவரிடம் போய் "தள்ளி நில்" என்று சொல்வதே எனக்கு உறுத்துகிறது.

அப்பா இறந்தபோது யாரும் சொல்லாமலே நான் தள்ளி நின்றேன். எல்லாவற்றையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர்களைக் கவனித்தேன், கணக்கு முடித்தேன், கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் "எவ்வளவு தைரியம்" என்றார்கள். எட்டு மாதம் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அப்புறம் ஒரு நாள் அவருடைய பழைய சட்டை கையில் கிடைத்தது. அன்றைக்கு உடைந்தவன் எழுந்திருக்க வெகுகாலம் ஆனது. அதனால் கேட்கிறேன்: தள்ளி நிற்பது ஓடிப்போவதற்கு இன்னொரு பெயராக ஆகிவிடாதா?

பழையசெவிலி | புதன், பகல் 1:40

கடல்நீலம் தம்பி, உங்கள் அப்பாவுக்காக வருந்துகிறேன். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மனநலப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் குழப்பத்தை அங்கே அடிக்கடி பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று விஷயங்கள் ஒரே மாதிரி தெரியும்.

ஒன்று, அடக்குவது. உள்ளே கொதிக்கும், முகத்தில் காட்ட மாட்டோம். ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், அருவருப்பூட்டும் படத்துண்டுகளைப் பார்த்தபடி முகத்தில் எதுவும் காட்டாமல் இருக்கச் சிலரிடம் சொன்னார்கள். வெளியே அடங்கியிருந்தார்கள், ஆனால் பல உடல் அளவுகளில் உள்ளே பதற்றம் கூடியிருந்தது. அடக்குவதற்கு உடம்பு கூலி கேட்கும்.

இன்னொன்று, உங்களுக்கு நடந்தது. அதை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, தம்பி. தாங்க முடியாதது வரும்போது மனம் தானாகவே மரத்துப்போகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போல என்று எழுதியிருக்கிறீர்களே, எத்தனையோ பேர் என்னிடம் இதே வார்த்தையில் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அது உங்களைக் காப்பாற்றியது. அதற்காக உங்களை நீங்கள் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இந்த இழையில் பேசுவது மூன்றாவது. இதில் உணர்ச்சி அங்கேயே இருக்கும், நீங்களும் அங்கேயே இருப்பீர்கள், இரண்டுக்கும் நடுவில் மூச்சுவிட இடம் இருக்கும். எப்படி வேறுபடுத்துவது என்று கேட்பார்கள். நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: திரும்பி வர முடிகிறதா? பத்து நிமிஷம் தள்ளி நின்று பார்த்துவிட்டு மறுபடி கிட்டே வந்து அழ முடிந்தால் அது ஆரோக்கியமான தூரம். வர வழியே தெரியவில்லை என்றால் துணை தேவை. அந்த இடத்தில் தனியாகப் பயிற்சி எதுவும் வேண்டாம், மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். உயிர்பயம், வன்முறை போன்ற அனுபவங்களுக்கும் இதையே சொல்வேன்.

கடல்நீலம் | புதன், பகல் 2:15

நன்றி அம்மா. "திரும்பி வர முடிகிறதா" என்பதை எழுதி வைத்துக்கொண்டேன்.

தூரிகை | புதன், மாலை 5:30

காட்சியாக நினைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் வராது. எனக்கு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவது வந்தது.

அதாவது மனதுக்குள் பேசும்போது "நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன்" என்பதற்குப் பதில் சொந்தப் பெயரைச் சொல்லி, "அவள் ஏன் பயப்படுகிறாள்?" என்றோ "நீ ஏன் பயப்படுகிறாய்?" என்றோ கேட்பது. மூன்றாம்படி சொன்ன ஈதன் கிராஸின் குழுவினர் 2014-இல் இதைச் சோதித்தார்கள். மேடையில் பேச வேண்டும், தயாராக ஐந்தே நிமிஷம். அந்த நேரத்தில் தங்களைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. பேச்சும் மேலாக இருந்ததாக நடுவர்கள் மதிப்பிட்டார்கள். பேசி முடித்த பிறகு அதையே நினைத்து மறுகுவதும் குறைந்தது. ஜேசன் மோசரும் கிராஸும் மற்றவர்களும் 2017-இல் மூளைப் பதிவுகளை வைத்து எழுதியது இன்னும் ஆச்சரியம்: இப்படிப் பேசும்போது உணர்ச்சியின் வேகம் தணிகிறது, ஆனால் மூளை தன்னைக் கட்டுப்படுத்தக் கூடுதலாக உழைத்ததற்கான அடையாளம் தெரியவில்லை. களைத்துக் கிடக்கிற இரவு நேரத்துக்கு இது முக்கியம். அந்த நேரத்தில் யாருக்கு மல்லுக்கட்டத் தெம்பு இருக்கிறது?

நள்ளிரவுவாசகி | புதன், இரவு 11:30

எல்லோருக்கும் நன்றி. இரண்டையும் செய்து பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மோசமாகிவிட்டது.

கதவுப் பக்கம் போய் நின்றேன். என்னைப் பார்த்தேன். குனிந்த தலை, சிவந்த முகம், கையில் நசுங்குகிற காகிதம். ‘ஐயோ, இவ்வளவு பரிதாபமாகவா இருந்தேன்’ என்றுதான் தோன்றியது. பெயர் சொல்லிக் கேட்டேன். முழுப் பெயரைச் சொல்லி "உனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது" என்றால், அந்தக் குரல் மேலாளருடைய குரலாக இருக்கிறது. பதினாலு பேரோடு பதினைந்தாவது ஆளாக நானும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவதுவிரல் | வியாழன், அதிகாலை 1:10

இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் பல வருஷம் அந்தப் பதினைந்தாவது ஆளாக வாழ்ந்தவன்.

எனக்குக் கூட்டத்தைக் கண்டால் பயம். நாலு பேர் நடுவில் பேச ஆரம்பித்தால் என் உருவம் எனக்கே வெளியிலிருந்து தெரியும். வியர்க்கிற நெற்றி, திக்குகிற வாய். டேவிட் கிளார்க்கும் அட்ரியன் வெல்ஸும் 1995-இல் இந்தப் பயத்தை விளக்கியபோது இதைத்தான் குறிப்பிட்டார்கள்: சமூகப் பதற்றம் உள்ளவர் மற்றவர் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்று ஒரு படத்தை மனதில் கட்டி, அதையே உண்மை என்று நம்பிவிடுகிறார். அது பதற்றத்தைத் தணிப்பதில்லை, வளர்க்கிறது.

ஆக, வெளியே போய் நின்றால் போதாது. யாருடைய கண்ணைக் கடன் வாங்கிக்கொண்டு நிற்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொண்டு போனது மேலாளர் கண்ணை.

எலி ஃபிங்கெல் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 120 தம்பதிகள். ஆய்வின் இரண்டாவது வருஷம், அவர்களில் பாதிப் பேரைத் தங்கள் சண்டை ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எப்படி என்றால், யார் பக்கமும் சாயாத, ஆனால் எல்லாருக்கும் நல்லது நடக்க வேண்டும் என்று விரும்புகிற மூன்றாம் ஆள் அதைப் பார்த்தால் எப்படிப் பார்ப்பார் என்று. ஒரு தடவைக்கு ஏழு நிமிஷம், வருஷத்தில் மூன்று தடவை. எழுதாதவர்களுக்குத் திருமண நிறைவு சரிந்துகொண்டே போனது, எழுதியவர்களுக்கு அந்தச் சரிவு நின்றது. ‘நல்லது நடக்க வேண்டும் என்று விரும்புகிற’ என்பதை விட்டுவிடாதீர்கள். வெறும் நடுநிலை ஆள் என்று வைத்துக்கொண்டால் என் மனம் உடனே அவரைத் தேர்வு நடத்த வந்தவராக்கிவிடும்.

தூரிகை | வியாழன், காலை 7:00

நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், தவறு என்னுடையது. எந்தப் பெயரால் கூப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். சான்றிதழில் இருக்கிற முழுப் பெயர் எனக்கு வருகைப் பதிவு எடுக்கிற குரலில்தான் கேட்கிறது. உங்கள்மேல் பிரியமாக இருக்கிற ஒருவர் கூப்பிடுகிற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரோடு அவர் குரலும் வரும்.

‘நீ’ என்பதிலும் இதே சிக்கல் உண்டு. நம் மொழியில் கொஞ்சவும் ‘நீ’தான், அதட்டவும் ‘நீ’தான். ‘நீ’ கடுமையாக ஒலித்தால் ‘நீங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு நானே மரியாதை கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை என்று தோன்றி அழுதுவிட்டேன்.

சொல்லடுக்கு | வியாழன், காலை 10:45

மொழி என்று வந்ததால் நானும் சேர்ந்துகொள்கிறேன். நான் உளவியல் படித்தவன் அல்ல, இலக்கணம் சொல்லித் தருபவன்.

தமிழில் உணர்ச்சியைச் சொல்கிற வாக்கியங்களைப் பாருங்கள். "எனக்குக் கோபம் வருகிறது." "எனக்குப் பயமாக இருக்கிறது." வாக்கியத்தின் எழுவாய் நான் இல்லை. கோபம்தான் வருகிறது, நான் அது வந்து சேருகிற இடம். வருவது என்றாலே போவதும் உண்டு. நம் இயல்பான பேச்சிலேயே அந்த இடைவெளி இருக்கிறது. அதை நாம் தொலைக்கிற இடம் வேறு: "நான் ஒரு பயந்தாங்கொள்ளி", "நான் உருப்படாதவள்". அங்கே வந்துபோகிற விருந்தாளிக்கு வீட்டையே எழுதிக்கொடுத்துவிடுகிறோம்.

ஸ்டீவன் ஹேய்ஸ் முதலானோர் உருவாக்கிய ஏற்பு சார்ந்த சிகிச்சை முறையில் ஒரு பயிற்சி உண்டு. "நான் தோற்றவள்" என்று எழும் எண்ணத்தை "நான் தோற்றவள் என்ற எண்ணம் எனக்கு வருகிறது" என்று மாற்றிச் சொல்வது. தமிழில் இது ஒட்டவைத்த மாதிரி இல்லை, சொல்லிப் பாருங்கள். நம் பழைய அகப்பாடல்களிலும், பிரிவில் தவிக்கிறவர்கள் தங்கள் நெஞ்சை எதிரில் உட்காரவைத்து, "நெஞ்சே" என்று கூப்பிட்டுப் பேசுவார்கள், அதனோடு சண்டைகூடப் போடுவார்கள். நெஞ்சொடு கிளத்தல் என்று குறளில் ஓர் அதிகாரமே உண்டு. தவிப்பை மறைக்காமல், அதனோடு பேசுகிற அளவுக்கு மட்டும் விலகி நிற்கிற முறை அது. எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

பழையசெவிலி | வியாழன், பகல் 12:30

அருமையாகச் சொன்னீர்கள். எண்ணத்தை எண்ணமாகப் பார்க்கிற இந்தப் பழக்கத்தை அடிப்படையாக வைத்துத்தான் ஜான் டீஸ்டேல், ஸிண்டெல் செகல், மார்க் வில்லியம்ஸ் மூவரும் மனச்சோர்வு திரும்பி வராமல் தடுக்கும் எட்டு வாரப் பயிற்சியை அமைத்தார்கள். 2000-இல் வந்த முதல் பெரிய சோதனையில், மூன்று தடவையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து தேறியவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 66 சதவீதம் திரும்பி வந்தது. பயிற்சியும் பெற்றவர்களுக்கு 37 சதவீதம். இரண்டு தடவை மட்டும் வந்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரே மருந்து இல்லை.

வெயில்நிழல் | வியாழன், மாலை 4:10

பத்து வருஷம் கழித்து இதை எப்படிப் பார்ப்பேன் என்று கேட்டுக்கொள்வது எனக்கு உதவுகிறது. காலத்தில் தள்ளி நிற்பது. எம்மா புரூல்மன்-செனெகலும் ஐடுக்கும் 2015-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எதிர்காலத்தில் தூரமாக நின்று பார்க்கும்போது, இந்த வேதனை நிலையானது இல்லை என்று மனதுக்கு உறைக்கிறது, அதுதான் ஆற்றுகிறது என்பது அவர்கள் கண்டது.

ஆறாவதுவிரல் | வியாழன், மாலை 6:25

வெயில்நிழல் சொன்னது சரிதான். ஆனால் நடந்து முடிந்த விஷயத்துக்கும் நடந்துகொண்டே இருக்கிற விஷயத்துக்கும் வித்தியாசம் உண்டு. ஒருவர் தினமும் அவமானப்படுத்துகிறார் என்றால் அதைப் பத்து வருஷம் தள்ளிப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளப் பழகுவது எனக்குச் சம்மதம் இல்லை. சில கோபத்துக்கு வேலை இருக்கிறது, அதை ஆற்றிவிடக் கூடாது. நள்ளிரவுவாசகி, உங்கள் மேலாளர் எப்போதுமே இப்படியா, அன்றைக்கு மட்டுமா?

நள்ளிரவுவாசகி | வெள்ளி, காலை 5:50

நல்ல கேள்வி. மூன்று வாரமாக என்னை நானே கேட்காத கேள்வி.

நேற்று இரவு படுக்கையில் யோசிக்காமல் உட்கார்ந்து எழுதினேன். என் அத்தை என்னைக் கூப்பிடுகிற பெயரை எடுத்துக்கொண்டேன். அவரையே அந்த அறையில், ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்தேன். அவர் எனக்குச் சாதகமாகப் பேச மாட்டார், அதே சமயம் நான் கெட்டுப்போகவும் விட மாட்டார். அவர் கண்ணில் பார்த்தபோது, இவ்வளவு நாள் நான் பார்க்காத இரண்டு விஷயம் தெரிந்தது.

மேலாளர் அறைக்குள் வரும்போதே முகம் சரியில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். என்னிடம் மட்டும் இல்லை, எனக்கு முன்னால் பேசியவரையும் பாதியில் நிறுத்தினார். இதற்கு முன் ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அதற்காக அவர் கேட்டது சரியாகிவிடாது. ஆனால் ‘இவள் லாயக்கில்லாதவள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்’ என்பது நானாகச் சேர்த்துக்கொண்ட வரி.

இரண்டாவது, எதிரே உட்கார்ந்திருந்த சக ஊழியர் "அந்த எண்கள் எங்கள் பக்கத்திலிருந்து…" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான்தான் அவசரமாக "திருத்தி அனுப்புகிறேன்" என்று மறித்துவிட்டேன். இரவில் ஓடுகிற படத்தில் அவர் குரலே இல்லை. என் காது அவ்வளவு சூடாக இருந்திருக்கிறது.

ஏன் இவ்வளவு வலித்தது என்று அத்தை கேட்பது போலக் கேட்டேன். எழுதிய பதிலை இங்கே போடவில்லை. மேலாளரைப் பற்றியது அல்ல, பள்ளிக்கூடக் காலத்து விஷயம். நிறைய அழுதேன். ஆனால் பழைய அழுகை மாதிரி இல்லை, முடிந்ததும் தூக்கம் வந்தது. நாலு மணி நேரம் தூங்கினேன்.

பழையசெவிலி | வெள்ளி, காலை 8:15

நாலு மணி நேரம்! எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி, மகளே. அந்தப் பள்ளிக்கூட விஷயத்தை ஒரே இரவில் முழுக்கத் தோண்டிவிட வேண்டாம். நம்பிக்கையான ஒருவரோடு மெதுவாகப் பேசுங்கள். இன்று இரவு அந்த அறை மறுபடியும் வரலாம். வந்தால் முறை பலிக்கவில்லை என்று எண்ண வேண்டாம்.

கடல்நீலம் | வெள்ளி, காலை 9:40

நானும் நேற்று எழுதினேன். நான் செய்தது தலைகீழ். தள்ளியே நின்றவன் கிட்டே போனேன். மருத்துவமனையில் கடைசி நாள், அப்பாவின் கையைப் பிடித்திருந்தேன், அது எவ்வளவு லேசாக இருந்தது என்று ‘நான்’ போட்டு எழுதினேன். அரைப் பக்கத்துக்கு மேல் முடியவில்லை. எழுந்து நடந்துவிட்டு வந்து, மீதியை ‘அவன்’ என்று எழுதினேன்.

மூன்றாம்படி | வெள்ளி, காலை 10:05

கடல்நீலம், கிட்டேயும் போய்த் தள்ளியும் வந்தீர்களே, அந்த நடை எனக்கு இன்னும் கைவரவில்லை. நான் எப்போதும் கதவுப் பக்கமே நின்றுவிடுகிறேன். இன்று உங்களைப் போல எழுதிப் பார்க்கிறேன்.

நள்ளிரவுவாசகி | வெள்ளி, இரவு 9:20

மேலாளரிடம் பேச நேரம் கேட்டிருக்கிறேன், திங்கள் காலை. தவறு என்னுடையதும்தான், ஆனால் எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்டது என்னைக் காயப்படுத்தியது என்று சொல்லப் போகிறேன். அந்தச் சக ஊழியரிடமும் இன்று கேட்டேன். எண்கள் அவர்கள் பக்கத்திலிருந்து தப்பாகவே வந்திருக்கின்றன. மூன்று வாரமாக அதைச் சொல்ல என்னைத் தேடியிருக்கிறார், நான்தான் முகம் கொடுக்காமல் போயிருக்கிறேன்.

இப்போதே பயமாக இருக்கிறது. பயம் வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும், இல்லையா சொல்லடுக்கு ஐயா? திங்கள் இரவு வந்து எழுதுகிறேன்.